நந்தா தேவி: அடிவாரத்தைத் தொடவே ஐம்பது ஆண்டுகள்

கேட்கப்பட்ட கேள்வி இது: நந்தா தேவி எவரெஸ்ட்டை விட ஆயிரம் மீட்டர் குறைவு, முழுக்க இந்தியாவுக்குள்ளேயே இருக்கிறது, அப்படியிருந்தும் அதில் ஏறியவர்கள் ஏன் இவ்வளவு குறைவு? இப்போது ஏன் யாரையும் விடுவதில்லை? அங்கே அணுக்கருவி ஒன்று தொலைந்து போனது என்கிறார்களே, நிஜமா? மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்றும் ஒரே கதைதான். அந்த மலைக்குப் போக வழி இல்லாதவரை அது பத்திரமாக இருந்தது, வழி கண்டுபிடித்த பிறகு ஐம்பது வருடம்கூடத் தாங்கவில்லை. என் பதிலின் சாரம் இவ்வளவுதான், மற்றதெல்லாம் விவரம். ஆனால் விவரம்தான் சுவாரசியம்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். உயரம் 7,816 மீட்டர். இந்தியாவில் இதை விட உயரமானது கஞ்சன்ஜங்கா மட்டும்தான், அதுவும் நேபாள எல்லையில் நிற்கிறது. எல்லையைத் தொடாமல் முழுக்க நம் நாட்டுக்குள் நிற்கும் சிகரங்களில் இதுவே உயரமானது. உத்தராகண்டில் கட்வாலும் குமாவோனும் சந்திக்கும் இடம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நேபாளத்து மலைகளை அளந்து முடிக்காத காலத்தில், உலகிலேயே உயரமான மலை இதுதான் என்று கருதியிருக்கிறார்கள். சிகரம் இரட்டை. மேற்கே பிரதான சிகரம், கிழக்கே 7,434 மீட்டரில் நந்தா தேவி கிழக்கு, இரண்டையும் இணைத்து சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கத்தி முனை போன்ற ஒரு மலைமுகடு.

இந்த மலையைச் சுற்றி இயற்கையே ஒரு மதில் கட்டி வைத்திருக்கிறது, அதுதான் விஷயம். திரிசூல், துனகிரி, சாங்கபாங், கலங்கா, ஹர்தியோல், மைக்தோலி என்று ஆறாயிரத்து ஐந்நூறு, ஏழாயிரம் மீட்டர் சிகரங்கள் கைகோத்து நிற்கும் வட்டம், சுற்றளவு நூறு கிலோமீட்டருக்கும் மேல். அந்த வட்டத்தில் தாழ்ந்த இடம்கூடப் பெரும்பாலும் ஐயாயிரத்து ஐந்நூறு மீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. ஒரே ஒரு இடத்தில்தான் உடைப்பு இருக்கிறது. உள்ளே உருகும் பனி முழுவதும் வெளியேற மேற்குப் பக்கம் ரிஷி கங்கை அறுத்துக்கொண்டு வந்த பள்ளம் அது. ஆனால் பள்ளம் என்றால் நடந்து போகிற பள்ளம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கான அடி செங்குத்துப் பாறை, அடியில் நுரைத்துக்கொண்டு ஓடும் ஆறு. மதிலுக்கு உள்ளேயோ புல்வெளி, பூக்கள், மனிதனைப் பார்த்திராததால் பயமே இல்லாமல் மேய்ந்து கொண்டிருந்த பரல் ஆடுகள். மலையேறிகள் இதை வெளிச் சரணாலயம், உள் சரணாலயம் என்று பிரித்துச் சொல்வார்கள். நந்தா தேவி நிற்பது உள் சரணாலயத்தின் நடுவில்.

ஆக, மற்ற மலைகளில் அடிவாரத்திலிருந்து ஏற்றம் தொடங்கும் என்றால் இங்கே அடிவாரத்தைக் கண்ணால் பார்ப்பதே பெரும்பாடு. 1883இல் டபிள்யூ. டபிள்யூ. கிரஹாம் என்ற ஆங்கிலேயர் இரண்டு சுவிஸ்காரர்களோடு ரிஷி கங்கை வழியாக முயன்று திரும்பினார். 1905இல் டாம் லாங்ஸ்டாஃப் கிழக்கிலிருந்து வந்து மதிலின் விளிம்பில் 5,910 மீட்டர் உயரக் கணவாய் ஒன்றில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார், இறங்க முடியவில்லை. அந்தக் கணவாய்க்கு இன்றும் அவர் பெயர்தான். அவரே 1907இல் வேறு பக்கமாக வெளிச் சரணாலயத்துக்குள் வந்து, நந்தா தேவியை விட்டுவிட்டு 7,120 மீட்டர் திரிசூல் மீது ஏறிவிட்டார். ஏழாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஒரு சிகரத்தின் உச்சியைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் மனிதன் தொட்டது அதுதான் முதல் தடவை. அல்மோராவில் ஆட்சி அதிகாரியாக இருந்த ஹியூ ரட்லெட்ஜ் பிறகு பல வருடம் ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்த்தார், 1932 வரை. கதவு திறக்கவில்லை.

1934இல்தான் திறந்தது. எரிக் ஷிப்டன், பில் டில்மன் என்ற இரண்டு பிரிட்டிஷ் மலையேறிகள், கூட ஆங் தார்க்கே, பாசாங், குசாங் என்ற மூன்று ஷெர்பாக்கள். ஆக ஐந்தே பேர். அந்தக் காலத்தில் இமயமலைப் பயணம் என்றால் நூற்றுக்கணக்கான சுமைதூக்கிகளும் டன் கணக்கில் சாமான்களுமாகப் படையெடுப்பு மாதிரி நடக்கும். இவர்கள் அதற்கு நேர் எதிர். குறைந்த சாப்பாடு, குறைந்த துணி, ஷெர்பாக்கள் சாப்பிடுவதையே தாங்களும் சாப்பிடுவது, ஷெர்பாக்களோடு சமமாகச் சுமை தூக்குவது. ரிஷி கங்கையின் மேல் பள்ளத்தில் கடைசி சில கிலோமீட்டரைக் கடக்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஆற்றுக்கு நானூறு ஐந்நூறு மீட்டர் மேலே, பாறைச் சுவரில் சாய்வாக ஓடும் புல் விளிம்புகள், சில இடங்களில் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கும் அகலம்தான். ஒரு விளிம்பு போய் வெறும் பாறையில் முடியும், இனி அவ்வளவுதான் என்று தோன்றும், மூலையைத் திரும்பினால் அடுத்த விளிம்பு தொடங்கும். சுமைகளை முதலில் கயிற்றில் கட்டி ஏற்றி, இறக்கி, திரும்பப் போய் மீதியை எடுத்து வந்து, இப்படியே நகர்ந்தார்கள். நடுவில் எங்காவது ஒரு விளிம்பு தொடராமல் போயிருந்தால் இவர்களும் கிரஹாம் மாதிரி திரும்பியிருக்க வேண்டியதுதான். உள்ளே போய் நில அளவை செய்தார்கள், மழைக்காலம் வந்ததும் வெளியேறி, மழை குறைந்த பிறகு மறுபடி உள்ளே வந்து மிச்ச வேலையை முடித்தார்கள், கடைசியில் தெற்கே சுந்தர்துங்கா கணவாய் வழியாக மதிலைத் தாண்டி இறங்கினார்கள். சிகரத்தில் ஏறவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் நந்தா தேவியின் வரலாற்றில் மிகப்பெரிய சாதனை இதுதான், உச்சியைத் தொட்டதை விடவும்.

உச்சியைத் தொட்டது 1936இல். பிரிட்டன் நான்கு, அமெரிக்கா நான்கு என்று எட்டுப் பேர் சேர்ந்த குழு. தொடங்கும்போது தலைவர் என்று யாருமே இல்லை, பாதி வழியில் வாக்கெடுத்து டில்மனைத் தலைவராக்கினார்கள். ஷெர்பாக்கள் பலர் நோயில் விழுந்தார்கள், கீத்தார் என்ற அனுபவமிக்க ஷெர்பா அடிவார முகாமில் வயிற்றுப்போக்கில் இறந்தார். முதல் ஏற்றத்தைப் பற்றிப் பேசுகிற பலர் இவர் பெயரைச் சொல்வதே இல்லை, அது சரியில்லை. உயர முகாம்களுக்குச் சாமான் தூக்க ஆள் இல்லாமல் மலையேறிகளே சுமந்தார்கள்.

உச்சிக்குப் போக முதலில் தேர்வானது சார்லஸ் ஹூஸ்டனும் நோயல் ஓடலும். 1924இல் எவரெஸ்ட்டில் காணாமல் போன மேலரியையும் இர்வினையும் கடைசியாக உயிரோடு பார்த்தாரே, அதே ஓடல்தான், இப்போது வயது 45. கடைசி முகாமில் ஹூஸ்டன் தகர டப்பாவில் இருந்த இறைச்சியைச் சாப்பிட்டார், அது கெட்டுப்போயிருந்தது, இரவு முழுக்க அவதி. விடிந்ததும் ஓடல் கீழே இருந்த முகாமைப் பார்த்து ஹூஸ்டனுக்கு உடம்பு முடியவில்லை என்று கத்தினார். காற்றில் அந்தச் சத்தம் உடைந்து, ஹூஸ்டன் இறந்துவிட்டார் என்று கீழே இருந்தவர்கள் காதில் விழுந்தது. பதறி அடித்துக்கொண்டு மேலே போனால் ஆள் உயிரோடுதான் இருக்கிறார், ஆனால் ஏறுகிற நிலையில் இல்லை. அவருக்குப் பதிலாக டில்மன் தங்கினார், ஹூஸ்டனைக் கீழே அனுப்பினார்கள். ஆகஸ்ட் 29 அன்று டில்மனும் ஓடலும் உச்சியில் நின்றார்கள், பிராணவாயு உருளை எதுவும் இல்லாமல். அதற்குப் பிறகு 1950இல் பிரெஞ்சுக்காரர்கள் அன்னபூர்ணாவில் ஏறும்வரை, 14 வருடம், மனிதன் உச்சி தொட்ட மலைகளில் மிக உயரமானது நந்தா தேவிதான்.

கிழக்குச் சிகரத்தின் கதை தனி. 1939இல் போலந்துக்காரர்கள் நான்கு பேர் லாங்ஸ்டாஃப் கணவாய் வழியாக வந்தார்கள், ஜூலை 2 அன்று புயாக்கும் கிளார்னரும் உச்சியை அடைந்தார்கள். அடுத்து பக்கத்திலிருந்த திர்சூலி மலைக்குப் போனபோது குழுத்தலைவர் கார்ப்பின்ஸ்கியும் பெர்னாட்சிகியேவிச்சும் பனிச்சரிவில் புதைந்தார்கள். மிஞ்சிய இருவர் மலையை விட்டு இறங்கிய கொஞ்ச நாளில் சொந்த நாட்டில் போர் தொடங்கிவிட்டது. புயாக் 1945இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் காணாமல் போனார், கிளார்னர் 1949இல் வார்சாவில் காணாமல் போனார். இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. தேவியின் சாபம் என்பார்கள் சிலர். போரும் அதற்குப் பிந்தைய ஆட்சியும் அந்த நாட்டில் எத்தனையோ பேரை விழுங்கியது, அந்தப் பழியை ஒரு மலையின் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

1951இல் ரோஜே துப்லா தலைமையில் பிரெஞ்சுக் குழு ஒன்று வந்தது. அவர்கள் நினைத்தது அதற்கு முன் யாரும் நினைக்காதது: பிரதான சிகரத்தில் ஏறி, அந்த இரண்டு கிலோமீட்டர் முகட்டின் மேலேயே நடந்து, கிழக்குச் சிகரம் வழியாக இறங்குவது. ஜூன் 29 அன்று துப்லாவும் இளைஞரான ஜில்பேர் வீஞ்யேயும் பிரதான சிகரத்தின் உச்சிக்கு அருகில் போய்க்கொண்டிருந்ததைக் கீழே இருந்து பார்த்திருக்கிறார்கள். மேகம் மூடியது. அப்புறம் அவர்கள் கிடைக்கவே இல்லை. மறுபக்கம் கிழக்குச் சிகரத்தின் அடியில் அவர்களை எதிர்கொண்டு அழைத்துவரக் காத்திருந்தவர்களில் ஒருவர் டென்சிங் நார்கே. அவரும் லூயி துபோவும் தேடிக்கொண்டே மேலே போய், கிழக்குச் சிகரத்தின் உச்சியையே அடைந்து, அங்கிருந்து முகட்டைப் பார்த்தார்கள். ஒரு தடயமும் இல்லை. தன் வாழ்க்கையில் ஏறியதிலேயே கடினமான மலை நந்தா தேவி கிழக்கு என்று டென்சிங் பின்னாளில் சொன்னார். எவரெஸ்ட்டில் முதலில் ஏறிய இருவரில் ஒருவர் சொன்னது என்பதால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். துப்லா ஆசைப்பட்ட அந்த முகட்டுப் பயணம் 1976இல்தான் நிறைவேறியது, இந்திய ஜப்பானியக் கூட்டுக் குழுவில் வந்த ஹசேகாவாவும் தகாமியும் கிழக்கிலிருந்து பிரதான சிகரத்துக்கு நடந்து முடித்தார்கள்.

பிரதான சிகரத்தில் இரண்டாவது தடவை மனிதன் நின்றது 1964இல், நரேந்திர குமார் தலைமையிலான இந்தியக் குழு, ஏறியவர்கள் நவாங் கோம்புவும் தாவா நோர்புவும்.

சரி, அணுக்கருவி விஷயத்துக்கு வருவோம். அது நிஜம். 1964 அக்டோபரில் சீனா லோப் நூரில் முதல் அணுகுண்டைச் சோதித்தது. சீனாவின் ஏவுகணைச் சோதனைகளை ஒட்டுக்கேட்க, அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவும் நம் உளவுத்துறையும் சேர்ந்து நந்தா தேவி உச்சியில் ஒரு கருவி வைக்கத் திட்டமிட்டார்கள். அதற்கு மின்சாரம் கொடுக்க ஸ்னாப் வகை அணு மின்கலம். புளூட்டோனியம் தானாகச் சிதையும்போது வெளிவரும் வெப்பத்தை மின்சாரமாக்கும் சாதனம் அது, குண்டு கிடையாது, வெடிக்காது. 1965இல் இந்திய எவரெஸ்ட் வெற்றிக்குத் தலைமை தாங்கிய எம். எஸ். கோலிதான் இந்தியத் தரப்பில் பொறுப்பு. அதே வருட இலையுதிர் காலத்தில் கருவியைத் தூக்கிக்கொண்டு நாலாவது முகாம் வரை போனார்கள், புயல் வந்தது, ஆட்கள் உயிர் பிழைத்தால் போதும் என்று சாமானைப் பாறையில் கட்டி வைத்துவிட்டு இறங்கினார்கள். 1966 வசந்தத்தில் போய்ப் பார்த்தால் அந்த இடமே பனிச்சரிவில் அடித்துக்கொண்டு போயிருந்தது. தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. பிறகு இன்னொரு கருவியைப் பக்கத்திலிருக்கும் நந்தா கோட் மலையில் வைத்து வேலையை முடித்துக்கொண்டார்கள்.

இது வெளியே வந்தது 1978இல், ஒரு அமெரிக்கப் பத்திரிகை மூலம். பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார், அறிவியலாளர் குழு அமைத்தார்கள், எடுத்த நீர் மாதிரிகளில் கதிரியக்கம் இல்லை என்றது அந்தக் குழு. அதில் இருக்கும் புளூட்டோனியம் 238இன் அரை ஆயுள் சுமார் 88 வருடம், ஆகவே பாதிக்கு மேல் இன்னும் எங்கோ பனியாற்றுக்கு அடியில் இருக்கிறது. உறை உடைந்து நீரிலோ காற்றிலோ கலந்து உடம்புக்குள் போனால்தான் ஆபத்து. அந்த நீர் ரிஷி கங்கை வழியாக அலக்நந்தாவுக்கும், அங்கிருந்து கங்கைக்கும் போகிறது என்பதால் கண்காணிப்பைத் தொடர வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை, பீதி கிளப்புவது ஆகாது. 2021 பிப்ரவரி 7 அன்று ரிஷி கங்கையில் பெருவெள்ளம் வந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தோ காணாமலோ போனபோது, ரைணி கிராமத்தில் பலர் முதலில் நினைத்தது இந்தக் கருவியைத்தான். உண்மையில் நடந்தது வேறு. ரோன்டி சிகரத்தின் ஒரு பக்கமே பாறையும் பனியுமாகப் பெயர்ந்து விழுந்தது. ஆனால் அந்த ஊர் மக்களின் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களிடம் பல வருடம் யாரும் எதையும் சொல்லவில்லை.

1974இல் வெளிநாட்டுக் குழுக்களுக்கும் சரணாலயத்தைத் திறந்தார்கள். அதன் பிறகு கூட்டம். லாதா கிராமத்திலிருந்து ஏறி, லாதா கரக், தரன்சி கணவாய், திப்ருகேட்டா என்று போகும் பாதை. திப்ருகேட்டா வரை மாவும் அரிசியும் தூக்கியது ஆடுகள்: ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் இரண்டு பக்கமும் தொங்கும் சிறு பைகள், மொத்தம் பத்து கிலோ மாதிரி, மந்தையாக வரிசையில் ஏறும். அதற்கு மேல் மனிதர்கள்தான். அந்த மனிதர்கள் குளிர்காய, சமைக்க, வெட்டியது ஜூனிப்பர் புதரும் போஜ்பத்ர மரமும். அந்த உயரத்தில் ஒரு புதர் கை கனத்துக்கு வளரப் பல பத்து வருடம் ஆகும். கஸ்தூரி மான் வேட்டை கூடியது, முகாம் இடங்களில் டப்பாக்களும் கயிறுகளும் குவிந்தன.

1976இல் இன்னொரு மரணம், இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கர் வில்லி அன்சோல்ட், இளைஞராக இருந்தபோது இந்த மலையைப் பார்த்து மயங்கி, பிறக்கும் மகளுக்கு இதன் பெயரையே வைப்பேன் என்று முடிவெடுத்து, அப்படியே வைத்தார். மகள் நந்தா தேவி அன்சோல்டுக்கு 22 வயதானபோது அப்பாவும் மகளும் முதல் ஏற்றத்தின் நாற்பதாம் ஆண்டுக் குழுவில் வந்தார்கள். குழுவில் மூன்று பேர் வடபக்கத்துப் புது வழியில் உச்சியை அடைந்தார்கள். மகள் நாலாவது முகாமில் பல நாள் வயிற்றுக் கோளாறால் தளர்ந்து, செப்டம்பர் 8 அன்று கீழே இறங்கத் தயாராகும்போது கூடாரத்திலேயே இறந்தார். உடலை மலையிலேயே பனிக்கு ஒப்படைத்தார்கள். இதைக் காவியமாக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது, உடம்பு சரியில்லாத ஒருவரை அந்த உயரத்தில் அத்தனை நாள் வைத்திருந்ததுதான்.

1981இல் ரேகா சர்மா, ஹர்ஷ்வந்தி பிஷ்ட், சந்திரபிரபா ஐத்வால் மூவரும் பிரதான சிகரத்தில் ஏறினார்கள், அதில் ஏறிய முதல் பெண்கள். அடுத்த வருடம், 1982இல், பகுதி முழுவதையும் தேசியப் பூங்காவாக்கி மூடினார்கள். 1988இல் யுனெஸ்கோ உலக மரபிடம். 1993இல் ராணுவத்தின் பொறியாளர் பிரிவு ஒரு குழுவை அனுப்பியது, ஆய்வாளர்களும் கூடப் போனார்கள், உச்சியும் ஏறினார்கள், முக்கிய வேலை பழைய குழுக்கள் விட்டுப்போன குப்பையை அள்ளிக்கொண்டு வருவது. தாவரங்கள் திரும்ப வரத் தொடங்கியிருந்ததை அப்போதே பார்த்தார்கள்.

மூடியது சரி என்பதே என் கருத்து. மலையேறிகளில் பலர் இதை ஏற்க மாட்டார்கள், கட்டுப்பாட்டோடு திறக்கலாமே என்பார்கள். ஒரே ஒரு வாசல் உள்ள இடம் அது, அந்த வாசலும் அரையடி அகல விளிம்பு. எத்தனை சிறிய குழுவானாலும் அதே இடங்களில்தான் தங்க வேண்டும், அதே புதர்களைத்தான் மிதிக்க வேண்டும். ஆனால் மூடியதற்கான விலையைக் கொடுத்தது மலையேறிகள் இல்லை, அவர்கள் வேறு மலைக்குப் போய்விட்டார்கள். லாதாவும் ரைணியும் கொடுத்தன. தலைமுறைகளாக ஆடு மேய்த்த தரன்சி புல்வெளி ஒரே உத்தரவில் கைவிட்டுப் போனது, சுமைதூக்கும் வேலையும் போனது. இதே ரைணியில்தான் 1974 மார்ச்சில் கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரங்களைக் கட்டிப்பிடித்து வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். காட்டைக் காப்பாற்றிக் கொடுத்த ஊரையே காட்டுக்கு வெளியே நிறுத்தியது பெரிய அநியாயம். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 2003 வாக்கில், தரன்சி வரையிலான பாதையை மட்டும் குறைந்த எண்ணிக்கையில் நடைபயணிகளுக்குத் திறந்தார்கள், வழிகாட்டிகள் உள்ளூர்க்காரர்கள்.

இப்போதைய நிலை: பிரதான சிகரத்துக்கு ஏற்ற அனுமதி கிடையாது, உள் சரணாலயத்துக்கு நடைபயணமும் கிடையாது. நந்தா தேவி கிழக்கில் ஏறலாம், ஏனென்றால் அதற்கான வழி மதிலுக்கு வெளியே, முன்சியாரி பக்கமிருந்து வருகிறது. இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் அனுமதி வேண்டும். சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம், 2019 மே மாதம் அந்தப் பக்கம் போன குழுவில் எட்டுப் பேர் பெயரிடப்படாத ஒரு சிகரத்தில் பனிச்சரிவில் இறந்தார்கள், குழுத்தலைவர் மார்ட்டின் மோரன் முப்பது வருடத்துக்கு மேல் இமயமலை அனுபவம் உள்ளவர். ஏறாமல் பார்த்தால் மட்டும் போதும் என்பவர்களுக்கு முன்சியாரியிலிருந்து மிலம் பாதையில் போய், மர்த்தோலியில் திரும்பி, கிழக்குச் சிகரத்தின் அடிவார முகாம் வரை நடக்கலாம். மே, ஜூன் அல்லது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை போகலாம், எல்லையோரப் பகுதி என்பதால் முன்சியாரியில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அவ்வளவு நடக்க முடியாதவர்களுக்கு ஜோஷிமட்டுக்கு மேலே இருக்கும் ஔலி போதும், வானம் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் பிரதான சிகரம் அங்கிருந்தே நன்றாகத் தெரியும்.